வேருக்கு மருந்து வைத்த ஐந்து வருஷம்

குச்சிக்கு வேர் வரவைப்பதைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு: செய்த வேலை மண்ணுக்குள்ளே இருக்கும், வாங்குகிறவர் மண்ணுக்கு மேலே இருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ரோஜாக் குச்சியை நட்டுவிட்டு மாதக்கணக்கில் அதன் முன்னால் போய் நின்றவர்கள், கறிவேப்பிலைக் கன்று ஏன் பட்டுப்போயிற்று என்று இன்றுவரை தெரியாதவர்கள், எல்லாரும் எனக்கு உறவுக்காரர்கள்தான். உங்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றிலிருந்து தொண்ணூற்றெட்டு வரை மைசூரில் நஞ்சன்கூடு ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் நர்சரியில் எனக்கு வேலை. என் பெயர் வசந்தா. அப்பா ரயில்வேயில் இருந்தார், நான் பாட்டனியில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். நர்சரியில் என் பிரிவுக்கு வேர்ப் பிரிவு என்று பெயர். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், ஆள் இரண்டே பேர். நான் மருந்து கலப்பேன், கௌரம்மா குச்சி வெட்டி மருந்தில் ஊறவைத்து நடுவார். கௌரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும், பேசுவது கன்னடம். அவர் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன், அதில் காரம் கொஞ்சம் குறைந்துதான் போகும்.

மருந்து என்று நாங்கள் சொன்னது ஆக்சின் என்கிற ஹார்மோனை. செடியின் தளிர் தானாகவே அதைச் சுரந்து தண்டு வழியாகக் கீழே அனுப்பும். அடியில் அது போய்ச் சேருகிற இடத்தில் வேர் கிளம்பும். வெட்டிய குச்சிக்குத் தளிர் கிடையாது, அதனால் தளிர் செய்ய வேண்டியதை நாங்கள் பாட்டிலில் இருந்து செய்தோம்.

விஜயநகர் ரோஜா

விஜயநகரிலிருந்து ஒருவர் சண்டைக்கு வந்தார். பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ்க்காரர். புது வீட்டு முன்னால் ரோஜா வைக்க எங்களிடம் மருந்து கலந்த வேர்ப்பொடி வாங்கிப் போய்ப் பன்னிரண்டு குச்சி நட்டிருக்கிறார். ஒன்றரை மாதமாகியும் ஒன்றுகூட வேர் விடவில்லை, நாங்கள் கொடுத்தது வெறும் மாவு என்றார். எங்கே வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் சரியாகவே செய்திருந்தார். வேர் வரவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தினமும் காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் பன்னிரண்டு குச்சியையும் பிடுங்கிப் பார்த்துவிட்டு, திரும்பவும் அதே குழியில் நட்டுவிடுகிறார்.

வேர் வளர்வது அதன் நுனியில்தான் என்று சொன்னேன். மேலேயிருந்து வருகிற ஹார்மோன் அந்த நுனி வரைக்கும் போகிறது, எவ்வளவு நீள வேண்டும், எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது, பிடுங்கினால் முதலில் ஒடிவதும் அதுதான் என்றேன். நட்ட குச்சியை நாற்பது நாள் தொடக்கூடாது என்பது எங்கள் நர்சரியிலும் சட்டம் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இன்னொரு பொட்டலம் பொடியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, போகும்போது சொன்னார்: "முப்பது வருஷம் ஸ்கூல் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணவன்மா நான். திறந்து பார்க்காம நம்பறது எனக்குப் பழக்கமில்லை."

சாய்வு வெட்டு

குச்சி வெட்டுவதில் ஒரு வழக்கம் உண்டு. அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்ட வேண்டும், மேல்பக்கத்தை நேராக வெட்ட வேண்டும். இலையெல்லாம் உருவிய பிறகு எது மேல், எது கீழ் என்று கையில் எடுத்தவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகத்தான். சேர்ந்த முதல் மாதம் கௌரம்மா இரண்டு நாள் லீவில் போனபோது நான் வெட்டினேன். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டிக் கட்டுக் கட்டாக அடுக்கிவைத்தேன். பி.எஸ்ஸி. படித்த லட்சணம் அது.

திரும்பி வந்த கௌரம்மா ஒன்றும் கேட்காமல் நட்டார். பாதிக் குச்சி தலைகீழாக மண்ணுக்குள் போயிருந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சிலவற்றில் மண்ணுக்கு மேலே, காற்றில், வெள்ளைப் புள்ளியாக வேர் எட்டிப் பார்த்துக் கருகியிருந்தது. ஆக்சின் தளிர்ப் பக்கமிருந்து அடிப் பக்கத்துக்குத்தான் போகும். குச்சியைத் திருப்பி நட்டாலும் அது பழைய கணக்குப்படியே போகும். என் தவறு என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். சுலபமாகத்தான் இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சிரிப்புக் கிடைத்தது. கௌரம்மா மட்டும் சிரிக்காமல் ஒரு குச்சியை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்: "நாம திருப்பி நட்டா அதுக்குத் தன் கால் எதுன்னு மறந்துடுமா, வசந்தம்மா?"

சனிக்கிழமை வாழைப்பழம்

சாவித்ரி மேடம் ஒரு கல்லூரியில் பாட்டனி சொல்லிக்கொடுப்பவர். சனிக்கிழமைகளில் மட்டும் எங்கள் நர்சரிக்கு வந்து கண்ணாடிப் புட்டிகளில் வளர்கிற சின்னஞ்சிறு செடிகளைப் பார்த்து, மருந்தின் அளவைச் சொல்லிவிட்டுப் போவார். என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். ஒரு மாதம் புட்டிகளில் இருந்த வேரெல்லாம் குட்டையாக, தடியாக, மேலெல்லாம் ரோமம் முளைத்து நின்றன. நான் கலந்த மருந்தில்தான் கோளாறு என்று மேடம் ஆங்கிலத்திலேயே இரண்டு சனிக்கிழமை பேசினார். மூன்றாவது சனிக்கிழமை புட்டி அறையின் கீழ்த்தட்டை ஒழுங்கு செய்யும்போது ஒரு துணிப்பை கிடைத்தது. உள்ளே ஒரு சீப்பு ரசபாளை வாழைப்பழம், பாதி பழுத்தது. மேடத்தின் பைதான். வழியில் வாங்கி, அறை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று வாராவாரம் அங்கே வைத்துவிட்டு, சில வாரம் எடுத்துப்போகவும் மறந்திருக்கிறார்.

பழம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயு வெளியே வரும். அதுவும் செடிக்கு ஒரு ஹார்மோன்தான். வேரை நீளாதே என்று நிறுத்திவிடும். மேடம் அன்று உட்கார்ந்து இன்னொன்றும் விளக்கினார். ஆக்சின் அளவு கூடிப்போனால் செடி தானே அந்த வாயுவைச் செய்துகொள்ளும், அப்போதும் வேர் இதேபோலத்தான் குட்டையாக, கொத்தாக நிற்கும் என்றார். எந்த மருந்து வேரைக் கிளப்புகிறதோ அதுவே பத்து மடங்கு ஆனால் வேரை நிறுத்திவிடும். ஆக்சின் சொல்வதை வேருக்குள்ளே எது வாங்கிக் கேட்டுக்கொள்கிறது என்று நான் கேட்டதற்கு, அந்தக் காதை இன்னும் யாரும் பிடித்துக் காட்டவில்லை என்றார். பிறகு மருந்தின் அளவு எழுதுகிற நோட்டை இழுத்து, அந்த மாதத்துப் பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு போட்டு, தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, என் பக்கம் தள்ளினார்: "இதைக் கிழிச்சுடாதே வசந்தா. தப்பு யாரோடதுன்னு அடுத்து வர்றவங்களுக்குத் தெரியணும்."

முந்நூறு நாத்து

தொண்ணூற்றாறு மாசி மாதக் கடைசியில் முருகேசண்ணன் வந்தார். ஹனூர்ப் பக்கம் ஒரு கிராமம், தமிழ்க் குடும்பம், முப்பத்தைந்து வயதிருக்கும். நான் தமிழில் பேசியதும் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதுவரை ஒரு கடுதாசியில் கன்னடத்தில் எழுதிவந்ததைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு மல்பெரி நாத்து வேண்டும். இலை அகலமான புது ரகம் ஒன்று அப்போது எங்களிடம்தான் இருந்தது. இலை நன்றாக வரும், ஆனால் குச்சியாக நட்டால் வேர் பிடிக்க அடம் பிடிக்கும், மருந்து வைத்தே ஆக வேண்டும். மரமாக வளர்க்கப் பத்தடிக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு முந்நூறு கேட்டார். தாய்ச் செடிகளில் அந்த வருஷம் வெட்டக் கூடிய குச்சி அவ்வளவுதான் இருந்தது. வெட்டினால் மறுபடி அடுத்த வருஷம்தான்.

கருங்கல் குவாரியில் வேலை செய்கிறவர் அவர். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமைதான் வீடு. கையைப் பார்த்தாலே தெரிந்தது, நகத்தடியெல்லாம் வெள்ளைத் தூசி. பேச்சுக்கு நடுவில் இருமினார். மல்பெரி யோசனை அவருடையதில்லை, அவர் மனைவி சரசுவுடையது. சரசுவின் தாய்வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள், அவருக்கு வேலை தெரியும். இலை மட்டும் சொந்த நிலத்தில் வந்துவிட்டால் புழு வளர்த்துக் கூட்டைக் கொள்ளேகால் சந்தையில் போடலாம், முருகேசண்ணன் குவாரிக்குப் போக வேண்டாம். இதை வீட்டில் இரண்டு வருஷமாகப் பேசிப் பேசி, ராகி விதைக்கிற நிலத்தை அதற்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அட்வான்ஸ் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "இந்த நாத்து மட்டும் புடிச்சுக்கிச்சுன்னா கல்லுக்குப் போக வேண்டாம்னு அவ சொல்லிப்போட்டாளுங்க. எனக்கும் போக ஆசையில்லீங்க அம்மிணி."

இரண்டு பாட்டில்

ஆக்சின் தண்ணீரில் கரையாது. ஸ்பிரிட்டில் கரைத்து, பிறகு தண்ணீரில் விட வேண்டும். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்பதால் பாட்டிலைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவில் அளவை எழுதிவைப்போம். சாதாரணக் குச்சிக்கும் மல்பெரிக்கும் ஒரு பாட்டில், அதில் ஒன்று என்று எழுதியிருக்கும். மசியாத மரத்துக்கு இன்னொன்று, பத்து மடங்கு கெட்டியானது, அதில் பத்து என்று இருக்கும். அந்த மார்க்கர் மை தண்ணீருக்கு அசையாது. ஸ்பிரிட் பட்டால் ஒரே தடவலில் போய்விடும். ஸ்பிரிட்டில் நனைந்த விரலோடு அந்த டேப்பைப் பிடிக்கிறவர்கள் உலகத்தில் எங்களைப்போலச் சிலர்தான் இருப்போம். என் கட்டைவிரல் பத்தில் இருந்த சுழியத்தைத் துடைத்துவிட்டது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது.

முருகேசண்ணனின் குச்சிகளை ஊறவைத்து ஐம்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அடுத்த தொகுதிக்கு மருந்து எடுக்க அலமாரியைத் திறந்தேன். ஒன்று என்று எழுதிய பாட்டில் இரண்டு இருந்தன. இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றின் டேப்பில் எண்ணுக்குப் பக்கத்தில் மை தேய்ந்த கறை, அதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தேன். குறையக் கூடாத பாட்டில் குறைந்திருந்தது. நேராக நாத்து வைத்திருந்த நிழல் குடிலுக்குப் போனேன். முந்நூறு பையிலும் இலை பச்சைப் பசேலென்று நின்றது. தண்ணீர்த் தூவலிலும் நிழலிலும் நிற்கிற செடிக்கு வேர் அதிகம் தேவைப்படாது, இலையே ஈரத்தில் இருக்கும். ஒரு பையைக் கிழித்துப் பார்த்தேன். அடித்தண்டு வீங்கி, அதைச் சுற்றித் தடித் தடியாக ஒரு விரற்கடை வேர் கொத்தாக நின்றது. நீளமாக ஒன்றுகூட இல்லை. கௌரம்மா பின்னால் வந்து நின்று, என் கையில் இருந்ததையும் என் முகத்தையும் பார்த்தார்: "இலைக்கு என்ன, யார் வேணும்னாலும் பச்சையா நிக்கலாம் வசந்தம்மா. இதை நம்பி வெயில்ல நிக்க முடியுமா?"

நூறு குடம்

நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை அழகாகச் சொல்ல வழி இல்லை, அதனால் இருந்தபடியே எழுதுகிறேன். சொன்னால் அவருக்கு ஒரு வருஷம் போகும், எனக்கு வேலை போகும் என்று நினைத்தேன். முதலாளியிடம் போய்க் கதவு வரை நின்று திரும்பினேன். சாவித்ரி மேடம் வந்த சனிக்கிழமை தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்குப் போனேன். மருந்தின் வேகம் தணிந்ததும் மண்ணில் வேர் நீண்டுவிடும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. நல்ல மழை கிடைத்தால் பாதிச் செடி அப்படித் தேறக்கூடும். மீதிப் பாதியைப் பற்றி நான் யோசிக்கவில்லை, யோசிக்கக் கூடாது என்று இருந்தேன்.  கௌரம்மா என்னோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டார்.

வைகாசியில் ஒரு மழை பெய்ததும் டெம்போ வந்தது. கூட சரசுவும் வந்திருந்தார். ஒல்லியான உருவம், வேகமான நடை. ஆட்கள் இரண்டிரண்டாகத் தூக்கிப் போட, அவர் ஒவ்வொரு பையாக அடியில் கை கொடுத்து எடுத்துவைத்தார். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாய்வீட்டில்கூட இப்படி அகல இலை கிடையாது என்றார். எத்தனை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டார். மழை நின்றால் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று செடிக்கு ஒரு குடம் என்றேன். உடனே நூறு குடமா என்று கேட்டார். கிணறு பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் மேடு என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், இரண்டு மாதம் விடாமல் ஊற்றுங்கள் என்று சொன்னேன். டெம்போவில் நாத்துகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்: "நீங்க சொன்னபடிக்கே ஊத்திப்போடறனுங்க. ஒரு செடி வாடுனாலும் என்னையக் கேளுங்க."

ஆவணி

அந்த வருஷம் வைகாசி மழையோடு சரி. ஆடிக் காற்று மட்டும் தவறாமல் வந்து மண்ணை உலர்த்திவிட்டுப் போனது. மைசூரில் வானம் மூடியிருந்த நாட்களில்கூட எனக்கு ஹனூர்ப் பக்கத்து ஞாபகம்தான். ஆவணி பிறந்து ஒரு வாரத்தில் முருகேசண்ணன் வந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு செடி, குச்சியாகக் காய்ந்தது. சண்டை போடப்போகிறார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். நீங்கள் நல்ல நாத்துதான் கொடுத்தீர்கள், காப்பாற்ற எங்களுக்குத் துப்பில்லை, இருபது முப்பதுதான் உயிரோடு இருக்கிறது என்றார். சரசு தண்ணீர் ஊற்றவில்லை என்றார். ஊற்றினேன் ஊற்றினேன் என்று சத்தியம் செய்கிறாள், ஊற்றினால் ஏன் காய வேண்டும், நான் குவாரியில் கிடக்கிற நேரத்தில் இவள் பேசாமல் படுத்திருந்திருக்கிறாள் என்றார். வாய்க்கு வந்தபடி பேசி, தாய்வீட்டுக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகிறது என்றார்.

சாக்கைப் பிரித்தேன். தோல் வெந்த அதே குட்டை வேர், நீளவே இல்லை. தண்ணீர் அதைச் சுற்றி நின்றிருக்கும், ஓரடி ஆழத்துக்கும் இறங்கியிருக்கும், எடுத்துக்கொள்ள அங்கே வேர் போகவில்லை. நூறு குடம் இல்லை, இருநூறு ஊற்றியிருந்தாலும் ஆடிக் காற்றில் இது நின்றிருக்காது. அதை அவரிடம் சொன்னேன். பாட்டிலில் இருந்து ஆரம்பித்து டெம்போ வரை எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு முன்னமே தெரியும் என்பதையும் சொன்னேன்.  அவர் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், அதற்கு அவருக்கு நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. சாக்கைத் திரும்பச் சுற்றினார். எழுந்தார், பிறகு மறுபடி உட்கார்ந்தார்: "அப்ப அவ ஊத்துனது நெசந்தானுங்களா? இத நீங்களே வந்து அவகிட்டச் சொல்லோணுமுங்க. நாஞ் சொன்னா இனி நம்ப மாட்டா."

தாய்வீடு

ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகால் பஸ் ஏறினேன். ஸ்டாண்டில் முருகேசண்ணன் நின்றிருந்தார். அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு கொஞ்சம் நடை. வழியில் இரண்டு பேரும் மழையைப் பற்றித்தான் பேசினோம். வீட்டுப் பின்கட்டில் சரசு தட்டுகளில் புழுவுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க என்று கூப்பிட்டு, மணை எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். கணவருக்கு மணை போடவில்லை. அவர் தூணோரமாக நின்றார். சரசுவின் வலது தோளில் சட்டைக்கு வெளியே ஒரு காய்ப்பு தெரிந்தது. குடம் சுமந்த காய்ப்பு. ஒரு மாதமாகியும் போகவில்லை.

நான் சொல்லிமுடித்தேன். பஸ்ஸில் வரும்போது ஹார்மோன், வாயு, வேர் நுனி என்று எதையெதையோ எப்படி விளக்குவது என்று யோசித்துவைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. மருந்து கூடிப்போனது என் கையால், எனக்குத் தெரிந்தும் மறைத்தேன், நீங்கள் தண்ணீர் ஊற்றியும் அது பிழைத்திருக்காது என்று மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. சரசு இலை போடுவதை நிறுத்தவில்லை. அந்தத் தட்டு முடிந்து அடுத்த தட்டை இழுத்துக்கொண்டார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, அன்று அவர் கவனம் என்மேல் இல்லை. தூணோரம் நின்றவரைப் பார்க்காமலே, என்னிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "நான் ஊத்துனது எனக்குத் தெரியாதுங்களா? அவியளுக்குத்தான் மைசூருலிருந்து ஆளு வந்து சொல்ல வேண்டியிருக்குது."

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன், சாவித்ரி மேடத்தின் நோட்டிலும் தேதி போட்டு என் பெயரை எழுதினேன். முதலாளி கத்தினார், வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த வைகாசியில் புதிதாக முந்நூறு நாத்து அதே நிலத்துக்குப் போயிற்று, விலை இல்லாமல். அதற்கு முன்னால், தை பிறந்த பிறகுதான் சரசு வீட்டுக்குத் திரும்பி வந்தார் என்று முருகேசண்ணன் சொன்னார். இலை வெட்டுகிற அளவுக்குச் செடி வரும்வரை அவர் இன்னொரு வருஷத்துக்கு மேல் குவாரிக்குப் போனார், இருமலோடுதான்.

மருந்து கூடிப்போனதை மறைக்கத் தெரியாத வேர்களோடு ஐந்து வருஷம் வேலை பார்த்தும், மூன்று மாதம் ஒன்றும் காட்டாமல் பச்சையாக நின்றவள் அந்த நர்சரியில் நான் ஒருத்திதான்.